கூடையில் போட்ட ஊர்

2019ஆம் வருடம் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு, சேந்தன்பட்டி பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஜெயம் கேம் சென்டரில், சண்டைக் கேமின் திரையில் நாற்பத்து மூன்று கோலிகள் வரிசையாக வந்து நின்றன. நாற்பத்து மூன்றிலும் ஊர்க்காரர்களின் முகம் இருந்தது. கடைக்காரி ஜெயக்கனி அவற்றை இடமிருந்து வலமாக ஒரு முறை எண்ணி, எதிர்க்கடை கணேசபாண்டியின் முகம் இருந்த கோலியை எடுத்துக் குழியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தாள். எதிர்க்கடையில் அந்நேரம் கணேசபாண்டி பதினொரு கிளாஸ்களில் ஒரே இழுப்பாக டீ ஊற்றினான். ஒரு சொட்டு மேசையில் விழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவது கிளாஸைக் கழுவப் போனான்.

கேம் புதிதல்ல. இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். மோதுகிறவனின் காலடியில் முன்னும் பின்னுமாக இரண்டு குழிகள் இருக்கும். குழியில் கோலி வைத்தால் கோலிக்குள் இருப்பதன் வலு மோதுகிறவனுக்கு வரும். ஜெயித்தால் புதுக் கோலிகள் கிடைக்கும், குழியில் இருந்தவற்றுக்கு லெவல் ஏறும், வரிசையில் காத்து நிற்கிறவற்றுக்கும் பாதிப் பங்கு ஏறும், ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை. லெவல் ஏற ஏறக் கோலி சூடாகிச் சிவக்கும். சிவந்ததை எடுத்துத் திரையின் மூலையில் இருக்கிற கூடையில் போட்டுவைத்தால் ஆறும். வேண்டாத கோலியை நொறுக்கி மாவாக்கி மற்றதற்கு ஊட்டலாம். அவ்வளவுதான் ஆட்டம். முந்தின நாள்வரை அந்தக் கோலிகளுக்குள் நெருப்பும் மின்னலும் பாம்பும் தேளுமாக இருந்தன, அன்று முதல் ஊர் இருந்தது.

ஜெயக்கனிக்கு முப்பத்தெட்டு வயது. நூற்பாலையில் பதினான்கு வருடம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிற வேலை பார்த்தவள்; ஓடுகிற நூற்புக் கதிரை நிறுத்தாமல் முடிச்சுப் போட்ட விரல்களுக்கு ஒரு கன்ட்ரோலரின் எட்டுப் பொத்தான்கள் பெரிய விஷயமாக இல்லை. ஆலை மூடிய பிறகு பழைய கேம் மெஷின் ஒன்றையும் ஒரு டிவியையும் வைத்துக் கடை போட்டாள். சவாரிக்குக் காத்திருக்கிற ஆட்டோக்காரர்களும் மினிபஸ் கண்டக்டர்களும் வந்து ஆடுவார்கள், அவளிடம் தோற்பார்கள், போவார்கள். அவள் புருஷன் தவசிமுத்து நாற்பது தப்படி தள்ளி, பஸ் நிறுத்தத்தின் சைக்கிள் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். டோக்கன் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆனால் ஊரில் வீட்டுச் சாவி கொடுக்க வேண்டுமென்றால் அவரிடம் கொடுத்தார்கள், மாமியார் பஸ்ஸில் இறங்குவாள் என்றால் அவரிடம் சொல்லிவைத்தார்கள், இரண்டு பேர் சந்திக்க வேண்டுமென்றால் 'தவசி நாற்காலிப் பக்கம்' என்றார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் எங்கே என்று ஜெயக்கனி யாரிடமும் கேட்டதில்லை.

கோலிக்குள் முகம் எப்படி வந்தது என்று சேந்தன்பட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. யார் முகம் வந்திருக்கிறது, யார் முகம் வரவில்லை என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் புதுக் கோலிகள் வந்தன. மூன்றாம் நாள் அறுநூற்றுப் பன்னிரண்டு, மாசி பிறந்தபோது மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. வாக்காளர் பட்டியலைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இடையில் நொறுங்கிப்போன ஒன்றையும் சேர்த்தால் ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை. திருப்பூரில் பனியன் தைக்கப் போனவர்களும் துபாயில் கட்டட வேலைக்குப் போனவர்களும்கூட அதில் இருந்தார்கள். அவர்களுக்குப் போன் செய்து சொன்னபோது, லெவல் எத்தனை என்று மட்டும் விசாரித்தார்கள்.

மூன்றாம் நாளில்தான் பூக்காரி சுப்புத்தாயின் கோலி நொறுங்கியது. ஜெயக்கனி தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் ஓர் ஆட்டோக்காரர் கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, எந்தப் பொத்தான் எதற்கென்று பார்த்தார். மறுநாள் காலை சுப்புத்தாய் வாழைநாரைப் பெருவிரலில் சுற்றிக்கொண்டு நாலு மல்லிகையை எடுத்து வைத்தாள். அடுத்து என்ன செய்வதென்று விரல்களுக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாகப் பேசிக்கொண்டே பூக்கட்டியவள் பேச்சை நிறுத்திவிட்டு நாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் உதிரிப்பூவைப் படியில் அளந்து விற்றாள். வேறு ஒன்றும் குறைந்துவிடவில்லை, நன்றாகச் சாப்பிட்டாள். கன்ட்ரோலரை ஜெயக்கனியைத் தவிர ஒருவரும் தொடக்கூடாதென்று அன்றைக்கே முடிவாயிற்று.

அடுத்த முடிவு மண்டகப்படி. பங்குனித் திருவிழா அந்த ஊரில் பத்து நாள். ஒரு நாளுக்கு ஒரு கூட்டத்தார் பந்தல் போடுவார்கள். அன்றைக்குச் சாமி அவர்கள் பந்தலில் இறங்கும், பரிவட்டம் அவர்களுக்கு முதலில் கட்டப்படும். கோலிக்கும் அந்த முறையே இருக்கட்டும் என்றார் குருவையா. அவருக்கு அறுபத்தொரு வயது, அரிசி ஆலை முதலாளி, திருவிழாக் கமிட்டித் தலைவர், ஊருக்கே அண்ணாச்சி. முதல் நாள் அரிசி ஆலைக்காரர்கள் கோலி குழியில் இருக்கும், இரண்டாம் நாள் நெசவுத் தெரு, மூன்றாம் நாள் கொத்தனார்கள், இப்படிப் பத்து நாளுக்கு ஒரு சுற்று. பின்குழியை, விளையாடுகிறவளின் ஊழியத்துக்காக, ஜெயக்கனிக்கே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். முன்குழி முதல் மரியாதை. முதல் நாள் அது குருவையாவுக்கு.

"அண்ணாச்சி, முன்குழி மருவாதி இல்ல," என்றாள் ஜெயக்கனி. "அது அடி வாங்குற எடம். பின்னால இருக்கது அடிக்கும், முன்னால இருக்கது வாங்கும். ஆடத் தெரிஞ்சவன் இருக்கதுலயே மட்டமான கோலியத்தான் அங்க வைப்பான்."

"முதல்ல இருக்கவன்தான் தாயி அடி வாங்கணும். பின்ன எதுக்கு முதல்ல இருக்கான்?"

வைத்தாள். எதிராளி அடித்த ஒவ்வோர் அடிக்கும் குருவையாவின் தோளில் நாவல்பழ நிறத்தில் ஒரு தடிப்பு எழும்பியது. மறுநாள் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு டீக்கடைக்கு வந்தார். ஒருவரும் கேட்காததால் துண்டையும் எடுத்துத் தோளிலிருந்து மடியில் போட்டார். அந்த வாரத்துக்குள் ஊரில் தடிப்பில்லாத பெரிய மனிதர் இல்லை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் முதுகைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கினார்கள்.

மாசி பாதிக்குள் ஊர் முழுதும் லெவல் முப்பதைத் தாண்டியது. அவரவர் செய்த வேலையை அவரவர் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள், முன்னைவிட வேகமாகச் செய்தார்கள், பிறகு நிறுத்த முடியாமல் செய்தார்கள். கணேசபாண்டி வந்தவர் கேட்பதற்கு முன்னால் டீயை நீட்டினான். லெவல் நாற்பதில், வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்களுக்கும் ஊற்றி வைத்தான். அவர்கள் வந்தபோது டீ சரியான சூட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏழாம் வகுப்புப் பாடத்தை முடித்து எட்டாம் வகுப்புப் பாடத்தையும் முடித்து ஒன்பதின் கணக்கைத் தொடங்கியிருந்தார். பூசாரி ஆறு கால பூஜையையும் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டுப் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கொத்தனார்கள் கட்டிய சுவரின் பக்கத்தில் இன்னொரு சுவர் கட்டினார்கள். கொழுந்தியாள் வீட்டுக்குத் துணி எடுத்துப் போனவர்கள் கொழுந்தியாள் ஊருக்கு நடந்தே போய், கொடுத்துவிட்டு, நின்று பேச முடியாமல் நடந்தே திரும்பினார்கள். பாயில் படுத்தால் குதிகால் தானாகப் பாயைத் தேய்த்தது. எல்லாப் பாய்களும் ஒரே இடத்தில் பிய்ந்தன. துபாயில் இருந்தவர்கள் லிஃப்டை விட்டுவிட்டு இருபத்தேழு மாடி படியேறி வேலைக்குப் போவதாகத் தகவல் வந்தது. மின்சாரம் போனபோது மெஷின் நின்றது, ஊர் நிற்கவில்லை. சூடு சூடாகவே இருந்தது.

எல்லோரையும்விட அதிகம் ஏறியது ஜெயக்கனிக்கு. பின்குழி நிரந்தரம் என்பதால் ஒரு சண்டைகூடத் தப்பவில்லை, லெவல் எழுபத்தொன்று. நின்றபடி ஆடினாள், நடந்தபடி சாப்பிட்டாள், சோற்றுத் தட்டோடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்த் தவசிமுத்துவின் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். அவர் ஒருவர்தான் ஊரில் உட்கார்ந்திருந்தார்.

பங்குனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு வரிசைகளுக்கு நடுவே எல்லோரும் நடந்தார்கள்.

"கூடையில போட்டா ஆறிரும்," என்றாள் ஜெயக்கனி. "ஒரு வாரம் கூடையில கெடந்தா சூடு தணியும், தூக்கம் வரும். கேமே அப்படித்தான் செஞ்சிருக்கான். ஆறுன பெறகு எடுத்து ஆடணும். நம்மதான் ஆறவே விடல. முறை வச்சுப் போட்டுக்கிடலாம்."

"சரி, மொத முறை யாருக்கு?" என்றார் குருவையா.

நடந்தவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள். சேந்தன்பட்டியில் ஒதுக்கி வைப்பதென்று ஒன்று இருந்தது. நாற்பது வருடத்தில் மூன்று குடும்பங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். பால் கிடையாது, தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் கிடையாது, வீதியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்று கிணற்றில் முடிந்தது. கோலியை வரிசையிலிருந்து எடுத்து மூலைக் கூடையில் போடுவது திரையில் எப்படித் தெரிந்தாலும் ஊர்க்காரர்களின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

"மண்டகப்படியில மொத நாள் உங்களுதுதான, கூடையிலயும் மொதல்ல நீங்களே விழுங்க," என்றார் ஒரு கொத்தனார்.

"ஏன், பத்தாம் நாள்காரன விழச்சொல்லேன்."

"நாங்க என்ன ஊருக்கு ஆகாதவங்களா?"

"தூக்கமில்லாமச் செத்தாலும் சாவேன்," என்றார் முடிவெட்டுகிற மாடக்கண்ணு, காற்றில் கத்தரியை ஓட்டிக்கொண்டே. "ஒதுக்கி வச்ச கோலியாக் கெடக்க மாட்டேன். எம் பிள்ளைக்கு நாளைக்குப் பொண்ணு குடுப்பானா?"

எல்லோரையும் ஒரே நேரத்தில் போட்டால் என்ன என்று ஜெயக்கனி கேட்டாள். குழியில் ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் கேம் ஒத்துக்கொள்ளாது, ஆகையால் யாராவது ஒருவர் வெளியே இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். அந்த ஒருவர் யார் என்பதில் இரண்டு மணி நேரம் போயிற்று. பத்து மண்டகப்படியாரும் அந்த இடம் தங்களுக்கென்றார்கள்.

அப்போதுதான் கணேசபாண்டி வேறொரு வழியைச் சொன்னான். லெவல் தொண்ணூற்றொன்பதோடு முடிகிறது. அதற்குமேல் ஏற இடமில்லை. ஏற இடமில்லாவிட்டால் கால் தானாக நின்றுவிடும். எல்லோரையும் தொண்ணூற்றொன்பதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் ஒருவரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

"நிக்காது," என்றாள் ஜெயக்கனி. "நம்பர் காட்டுறதைத்தான் நிறுத்தும். சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கும்."

"நீ தொண்ணூத்தொம்பது ஆயிப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. பாம்பையும் தேளையும் ஏற்றிப் பார்த்திருந்தாள், ஆனால் பாம்பும் தேளும் தூங்கினவா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு தூரம் ஏற்ற மாவு வேண்டும். மாவுக்குக் கோலியை நொறுக்க வேண்டும். சண்டையில் அடிபட்ட கோலி கொஞ்சம்தான் மாவு தரும். சண்டையே பார்க்காத கோலி ஒன்றை நொறுக்கினால் மூவாயிரம் பேருக்கும் போதும். அப்படி ஒன்று எங்கே என்று தேடியபோது, கூடையில் ஏற்கெனவே ஒரு கோலி கிடப்பதைத் திரையில் பார்த்தார்கள். சாம்பல் நிறம், லெவல் ஒன்று, வேகம் சைபர், வலு சைபர், உள்ளே தவசிமுத்து. முதல் வாரமே அவர், "என்னைய எங்கிட்டாவது ஓரமாப் போடு கனி, ஸ்டாண்டுக்கு வண்டி வந்துரும்" என்று சொல்லியிருந்தார். ஜெயக்கனி கூடையில் போட்டாள். ஊரில் ஒதுக்கப்பட்ட ஒரே ஆள் தானென்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை குருவையா சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தார். நாற்காலியை வலமாகச் சுற்றினார்.

"தவசி, ஊருக்காக ஒண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"நின்னு கேளுங்க அண்ணாச்சி, தலை சுத்துது."

"நிக்க முடிஞ்சா ஏன் கேட்க வாரேன்?" இடமாகச் சுற்றினார். "ஒன் கோலிய நொறுக்கணும்ங்காக. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. சுப்புத்தாய் நல்லாத்தான இருக்கா?"

"அவளுக்குப் பூக்கட்டுறது போச்சு."

"அவளுக்கு அது இருந்துச்சு, போச்சு. ஒனக்கு என்னப்பா இருக்கு, போறதுக்கு?"

தவசிமுத்து ஒரு சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்தார். சைக்கிள்காரர் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே வாங்கிப்போனார்.

"அதான் அண்ணாச்சி எனக்கும் தெரியல. என்ன இருக்குன்னு தெரியாமலே குடுக்கச் சொல்றீக."

"குடுக்க மாட்டியா?"

"குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஊரே நடக்குது, எனக்கு மட்டும் மத்தியானம் கண்ணைச் சொருகுது. வெக்கமா இருக்கு. எடுத்துக்கிடுங்க. ஆனா கோலி அவ கையில இருக்கு, அவகிட்டக் கேட்டுக்கிடுங்க."

குருவையா கேட்கவில்லை. பத்தாம் நாள் தேர் நிலைக்கு வந்ததும் பதினோரு மணிக்கு நொறுக்க வேண்டியது என்று தெருவுக்குத் தெரு சொல்லிவிட்டார்.

மத்தியானம் ஜெயக்கனி தட்டோடு நாற்காலியைச் சுற்றினாள்.

"சரின்னீகளாமே."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல."

"நீ நின்னாத்தான சொல்ல. நேத்து ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், ரெண்டு தடவையும் நீ அந்தப் பக்கம் போயிட்ட."

அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நொறுக்கிட்டா நீங்களும் எந்திரிச்சுப் போயிருவீக. இந்த நாக்காலி சும்மா கெடக்கும். எங்க போனீகன்னு நான் டீக்கடையில கேட்டுக்கிட்டு நிக்கணும்."

"எங்க நிக்க? நடந்துக்கிட்டே கேட்பே."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. அவருடைய தட்டில் மீதியிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாம் நாள் வந்தது. லெவல் அறுபதைத் தாண்டிய கைகள் வடம் பிடித்ததால் தேர் ஒன்பது மணிக்குள் நாலு வீதியையும் மூன்று தடவை சுற்றிவிட்டு நிலைக்கு வந்தது. பதினோரு மணிக்கு ஊர் மொத்தமும் கேம் சென்டர் முன்னால் சாலையில் கூடி, இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லாரி தூரத்தில் வருவதுபோல் இருந்தது. டிவியை வாசலுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். நொறுக்குகிற நாளென்பதால் முன்குழியில் குருவையா, பின்குழியில் ஜெயக்கனி, வரிசையில் ஊர். கூடைக்குப் பக்கத்தில் நொறுக்குவதற்கான சுத்தியல் படம் இருந்தது. அதற்குக் கீழே, வரிசையில் நிற்கிற எல்லாவற்றையும் ஒரே தட்டில் கூடைக்கு அனுப்புகிற ஒரு பொத்தானும் இருந்தது. ஒருவரும் ஒரு நாளும் தொடாத பொத்தான். ஜெயக்கனி அதை அமுக்கினாள்.

மூவாயிரம் கோலிகள் உருண்டு கூடைக்குள் விழுந்தன, மூவாயிரம் பேர் சாலையில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் யாரென்று பாராமல் அவர்கள் மடியிலும் தோளிலும் வயிற்றிலும் தலையை வைத்தார்கள். பூசாரி கொத்தனாரின் மேலும், மாடக்கண்ணு தேர்வடத்தின் மேலும், கணேசபாண்டி கையிலிருந்த கிளாஸைச் சிந்தாமல் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலும் படுத்தார்கள். குழந்தைகள் மட்டும் விழித்திருந்து, பெரியவர்களைத் தாண்டித் தாண்டி விளையாடத் தொடங்கின. நின்றுகொண்டிருந்த ஒரே பெரிய மனிதர் குருவையா.

அவர் சுற்றிலும் பார்த்தார். தோள் தடிப்புகளைத் துண்டால் மூடினார்.

"ஒருத்தர்கூடப் பாக்க இல்லையே தாயி," என்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"ஒண்ணு குழியில இருக்கணும்னியே. நான் இருக்கேன். முன்குழி என்னுது." சொல்லும்போதே பக்கத்தில் நின்ற ஆட்டோவைப் பிடித்துக்கொண்டார், இரண்டு மாதமாகத் தூங்காத, சர்க்கரை உள்ள, அறுபத்தொரு வயதுக்காரர்.

"உங்களுதுதான். யாரு இல்லேன்னா," என்று சொல்லிக்கொண்டே அவள் முன்குழிக் கோலியை எடுத்துக் கூடையில் போட்டாள். குருவையா ஏதோ மறுத்துப் பேச வாயைத் திறந்தார், ஒரு கொட்டாவி வந்தது, ஆட்டோவில் சாய்ந்து இறங்கி உட்கார்ந்தார்.

முன்குழி காலியாக இருந்தால் கேம் ஒத்துக்கொள்ளாது. பின்குழிக் கோலி தானாக முன்னால் உருண்டு வந்து நின்றது. மூவாயிரம் பேரின் பங்கும் இனி அந்த ஒரு கோலிக்கு என்று திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஜெயக்கனிக்கு உள்ளங்கால் கொதித்தது.

படுத்திருந்தவர்களுக்கு நடுவே கால்வைக்க இடம் பார்த்துப் பார்த்துத் தவசிமுத்து வந்தார். கடை போட்டதிலிருந்து அவர் கேம் சென்டருக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. திரையை நேரம் எடுத்துப் பார்த்தார்.

"என்னைய எடுத்து அதுல வையி," என்றார். "நான் சும்மாதான இருக்கேன். நல்லாத் தூங்கியும் இருக்கேன்."

"வைக்க மாட்டேன்."

"வேற யாரையாவது வையேன். மூவாயிரம் பேர் கெடக்காக."

"யாரைக் கேட்டு வைக்க? எல்லாரும் தூங்குதாக. எழுப்பிக் கேட்டா அத்தனை பேரும் நான் நான்னுதான் சொல்வாக." அவள் கடைக்குள்ளேயே நாலு எட்டில் அந்தச் சுவருக்கும் நாலு எட்டில் இந்தச் சுவருக்கும் போய் வந்தாள். "ஆலையில எட்டு மணி நேரம் நடந்தவதான நான். எனக்குப் பழக்கம். நீங்க எங்க இருக்கீகன்னு எனக்குத் தெரியணும். அது போதும்."

கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள். கடை கொஞ்ச தூரம்தான் கொள்ளும். வாசலில் படுத்திருந்த டீச்சரைத் தாண்டி, குருவையாவின் நீட்டிய காலைத் தாண்டி, தெற்கே போகிற சாலையில் ஏறினாள்.

"அப்ப நீ எங்க இருக்கேன்னு நான் யார்கிட்டக் கேட்க?" என்றார் தவசிமுத்து. கேட்கவும் பதில் சொல்லவும் அங்கே பெரியவர் ஒருவரும் விழித்திருக்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். முதல் பர்லாங்கில் அவருக்கு மூச்சு வாங்கியது.

சேந்தன்பட்டி முப்பத்தொரு மணி நேரம் தூங்கியது. எழுந்ததும் ஊருக்கு நல்ல பசி, அதைவிட நல்ல கோபம். தங்களை, மூவாயிரம் பேரையும், கேட்காமல், ஒரே தட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும், எல்லோரையும் ஒதுக்கினால் ஒருவரையும் ஒதுக்கியதாகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமிருந்தது. பொறுக்க முடியாதது முன்குழிதான். பத்து மண்டகப்படியாரும் அடித்துக்கொண்ட முதல் மரியாதையை ஆலையில் நூல் முடிந்தவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அதுவும் நிரந்தரமாக. கூட்டம் போட்டார்கள், இந்த முறை எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், ஜெயக்கனியையும் தவசிமுத்துவையும் ஊரிலிருந்து ஒதுக்கி வைப்பதென்று ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். மெஷினை ஒருவரும் தொடவில்லை. தொட்டு ஆடத் தெரிந்தவரும் இல்லை, கூடையிலிருந்து வெளியே வர விரும்பியவரும் இல்லை. பின்னதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருவரும் நடந்தார்கள். வடக்கே விலக்குச் சாலை வரை, தெற்கே ஓடைப்பாலம் வரை, ஊரைச் சுற்றி ஏழு மைல். நாளுக்கு நாலு சுற்று, வெயில் குறைந்தால் ஐந்து. தவசிமுத்து முதல் மாதம் பின்னால் நடந்தார், ஆடிக் காற்றில் பக்கத்தில் நடந்தார், ஐப்பசிக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குக் களைத்தால் வழியில் உட்கார்ந்து தூங்குவார், அடுத்த சுற்றில் அவள் வந்து சேர்ந்ததும் எழுந்து சேர்ந்துகொள்வார். ஊரார் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கணேசபாண்டி பேசவில்லை, கொடுக்கவில்லை. அவர்கள் கடையைக் கடக்கிற நேரத்துக்கு மதில்மேல் இரண்டு கிளாஸ் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். மதில்மேல் வைத்தால் கொடுத்ததாகாது என்று அவன் கமிட்டியில் விளக்கம் சொன்னான். உதிரிப்பூப் பொட்டலம் ஒன்றும் சில நாள் அந்த மதிலில் இருந்தது.

தை மாதம் திருவிழாக் கணக்குப் பேச உட்கார்ந்தபோது சிக்கல் வந்தது. முதல் மரியாதைக்காரருக்குப் பரிவட்டம் கட்டாமல் கொடியேற முடியாது. முதல் மரியாதை முன்குழிக்கு என்று ஊரே போன வருடம் முடிவு செய்திருக்கிறது. முன்குழியில் இருப்பவளை ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கி வைத்தவருக்குப் பரிவட்டம் கட்டும் வழக்கம் கிடையாது. குருவையா மூன்று கூட்டம் நடத்தினார். மூன்றிலும் மத்தியானத்துக்குமேல் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். கடைசியில், தெரியாமல் செய்த தவறுக்கு ஊரார் மன்னிக்க வேண்டுமென்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விலக்கை எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று.

2020ஆம் வருடம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை பத்தே காலுக்கு, ஓடைப்பாலத்துக்கு வடக்கே, குருவையா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க அவர்களோடு அரை மைல் கூடவே நடந்தார். தவசிமுத்து வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஜெயக்கனி அவரை முன்னால் போகச் சொல்லி, தாளை அவர் முதுகில் வைத்து, நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டாள்.